தேடும் வண்டியும் தேறும் வண்டியும்

சென்னை மாநகரின் வடபால், கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தின் அருகே நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் அமைந்துள்ளது. ஒருபால் உவர்நீர்க் கழி. மற்றொருபால் வங்கக் கடல். இடையே மணலும் மனைகளும். எண்ணூரைச் சார்ந்த இவ்வூரைச் சூழ்ந்து ஆலைகளும் துறைமுகப் பாரந்தூக்கிகளும் உயர்ந்து நிற்கின்றன. வைகறைப் பொழுதில் கரை சேரும் படகுகளினின்று இறாலும் நண்டும் மடவையும் இறக்கப்படும். அவற்றை ஐஸ் பெட்டியில் இட்டு, மோட்டார் சைக்கிளின் பின்புறத்தே இறுகக் கட்டி, திருவொற்றியூர்ப் பக்கத்துச் சந்தைகளை நோக்கி விரையும் மீன் வணிகரை அப்பொழுதில் காணலாம்.

அவ்வணிகர் செல்லும் வழி எளிய வழியன்று. துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகள் சாலையை அடைத்து நிற்கும். சில வேளைகளில் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். மழை நாளில் சாலை வழுக்கும். கடற்காற்றின் உப்பு இரும்பை நாள்தோறும் அரிக்கும். இத்தனைக்கும் ஈடு கொடுத்து, உதைத்தவுடன் எஞ்சின் உயிர்பெற வேண்டும். மிதித்தவுடன் பிரேக் பிடிக்க வேண்டும். இடைவழியில் வண்டி நின்றால் மீன் கெடும். மீன் கெட்டால் அன்றைய வருவாய் கெடும். வருவாய் கெட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. இத்தகைய வணிகர் ஒருவர்க்கு, எங்கோ ஒரு நாட்டில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தால் விளையும் பயன் யாது? பந்தயம் என்பது செல்வர்தம் பொழுதுபோக்குத்தானா? அன்றி, அவர் ஏறிச் செல்லும் வண்டிக்கும் அதற்கும் உறவு உண்டா? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர், பந்தயங்களுள் இருவகை உண்டு என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

நெட்டுக்குப்பத்தார்க்கு இவ்வேறுபாட்டைப் படகு கொண்டு எளிதில் விளக்கலாம். கேரள நாட்டு ஆலப்புழையில் 1952ஆம் ஆண்டு முதல் நேரு கோப்பைப் படகுப் பந்தயம் புகழ்பெற்று விளங்குகிறது. அங்கு ஓடும் சுண்டன் வள்ளம் பாம்பென நீண்டது. நூற்றுவர்க்கு மேற்பட்டோர் அமர்ந்து துடுப்பு வலிக்கத் தக்கது. அதன் விரைவு கண்டோர் வியப்பர். ஆயினும் அதில் வலை ஏற்றிக் கடலிற் செல்ல இயலாது. பந்தயத்திற்கென்றே பிறந்த படகு அது. இனி, மீனவர் சிலர் தாம் நாள்தோறும் மீன் பிடிக்கும் படகுகளையே கொண்டு, கழிமுகத்தினின்று ஒரு குறி வரை சென்று மீளப் போட்டியிடுவதாகக் கொள்வோம். அப்போட்டியில் விரைவு குறைவாயிருக்கலாம். ஆயினும் வென்ற படகைச் செய்த தச்சனிடம் மறுநாள் பத்துப் பேர் சென்று, 'எமக்கும் அவ்வாறே ஒரு படகு செய்து தருக' என்பர். முன்னது திறத்தின் எல்லையைக் காட்டுகிறது. பின்னது பயன்படு பொருளின் தரத்தைக் காட்டுகிறது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் இவ்விரு வகையினவே.

முதல்வகை முன்மாதிரி வண்டிப் பந்தயம் எனப்படும். அதன் தலையாய வடிவம் இன்று 'மோட்டோ ஜிபி' என வழங்கும் உலகப் போட்டியாகும். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய உலக வாகையர் போட்டியின் வழிவந்தது அது. நெடுங்காலம் 500 சி.சி. எஞ்சின்களே அதன் முதன்மைப் பிரிவில் ஓடின. 2002ஆம் ஆண்டில் 990 சி.சி. வரையிலான நான்கு வீச்சு எஞ்சின்கள் புகுந்தன. 2007இல் அளவு 800 ஆகக் குறைந்தது. 2012இல் 1000 ஆக உயர்ந்தது. 2027ஆம் ஆண்டிற்கு 850 என விதிக்கப்பட்டுள்ளது. அளவு எவ்வாறு மாறினும் அடிப்படை விதி மாறவில்லை. இப்பந்தயத்தில் ஓடும் வண்டி, கடையில் விற்கப்படும் வண்டியினின்று பிறந்ததாக இருத்தல் கூடாது. பொறியாளர் தம் அறிவெல்லாம் திரட்டிப் பந்தயத்திற்கெனவே ஆக்கிய புதுப்பொருளாக இருத்தல் வேண்டும்.

விலை என்னும் தளை இன்மையால் பொறியாளரின் கற்பனை அங்கே சிறகு விரிக்கிறது. சாலை வண்டிகளின் பிரேக் வட்டு இரும்பாலானது. மோட்டோ ஜிபி வண்டியின் வட்டோ கரிமப் பொருளாலானது. எஞ்சினின் வால்வுகளை மூடுதற்குக் கம்பிச் சுருள் பயன்படுவது வழக்கம். அங்குச் சில வண்டிகளில் அழுத்தப்பட்ட காற்றே அப்பணியைச் செய்கிறது. 2023ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு முஜெல்லோ களத்தில் பிராட் பிண்டர் என்னும் வீரர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் விரைவை எட்டினார். விமானம் நிலத்தைவிட்டு எழும் விரைவையும் விஞ்சியது அது. ஆயினும் அங்கும் வரம்பு இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு முதல் எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி எல்லார்க்கும் ஒன்றே என விதித்தனர். பொருள் மிக்கோரே என்றும் வெல்வர் எனின், பந்தயம் பொருளற்றதாகிவிடும் அன்றோ?

இரண்டாம் வகை விற்பனை வண்டிப் பந்தயம் ஆகும். உலக சூப்பர்பைக் போட்டி அதன் தலையாய வடிவம். அது 1988ஆம் ஆண்டில் தொடங்கியது. இதன் அடிப்படை விதி முன்னதற்கு நேர்மாறானது. களத்தில் இறங்கும் வண்டி, எவரும் கடைக்குச் சென்று வாங்கத்தக்க வண்டியினின்று பிறந்ததாக இருத்தல் வேண்டும். பெயரளவில் ஒன்றிரண்டு செய்து காட்டினால் போதாது. உலக அளவில் குறைந்தது 500 வண்டிகள் செய்யப்படுதல் வேண்டும். விலைக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. எஞ்சினின் அளவையும் அடிச்சட்டத்தையும் தோற்றத்தையும் மனம்போல் மாற்றலாகாது. புகைக்குழலையும் அதிர்வு தாங்கிகளையும் பிற சில உறுப்புகளையும் வரம்பிற்கு உட்பட்டு மாற்றலாம். கரிம பிரேக் வட்டிற்கு அங்கு இடமில்லை. இவ்வளவு தளைகள் இருந்தும், இருவகைப் பந்தயங்களும் நடைபெறும் ஒரே களத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை ஒப்பிட்டால், வேறுபாடு பெரும்பாலும் சில நொடிகளே. விற்பனைப் பொருளின் தரம் எத்துணை உயர்ந்துள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வகைப் பந்தயத்தில் வெல்ல விழையும் நிறுவனம் முதலில் நல்ல வண்டியைச் செய்து மக்களுக்கு விற்றாக வேண்டும். இதற்கு ஒரு வரலாறு சான்றாகும். தொடக்கத்தில் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 750 சி.சி.யும், இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்கு 1000 சி.சி.யும் எல்லையாக விதிக்கப்பட்டிருந்தன. இத்தாலியின் டுகாட்டி நிறுவனம் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைக் கொண்டு 1990ஆம் ஆண்டு முதல் பல முறை பட்டம் வென்றது. நான்கு சிலிண்டர் வண்டிகளை ஓட்டிவந்த சப்பானிய ஹோண்டா நிறுவனம், ஈற்றில் தானும் ஓர் இரட்டைச் சிலிண்டர் வண்டியைச் செய்தது. அதனைக் கடைகளில் விற்பனைக்கு விட்டது. பின்னரே அதனைக் களத்தில் இறக்கி, 2000ஆம் ஆண்டில் கோலின் எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்க வீரரால் பட்டம் பெற்றது. மோட்டோ ஜிபியாயின் பட்டறையில் ஒரு வண்டி செய்தால் போதும். இங்கோ பட்டறையின் வழி, கடை வீதி வழியாகவே களத்தை அடைகிறது.

எனினும் இவ்விரு வகைக்கும் இடையே உள்ள வேலி உயர்ந்த மதிலன்று. விற்பனை வண்டிப் பந்தயத்தில் வெல்வதற்கென்றே உயர்ந்த விலையில் சில வண்டிகளைச் செய்து, விதிக்கு வேண்டிய எண்ணிக்கையை மட்டும் விற்கும் வழக்கமும் உண்டு. அவை கடையில் கிடைப்பினும் எளியோர் கைக்கு எட்டாதவை. மறுபுறம், முன்மாதிரிப் பந்தயங்களிலும் விற்பனை வண்டியின் எஞ்சின் புகுந்துள்ளது. மோட்டோ ஜிபிக்கு அடுத்த நிலையிலுள்ள 'மோட்டோ 2' பிரிவில், 2010 முதல் 2018 வரை ஹோண்டாவின் 600 சி.சி. சாலை வண்டியினின்று பிறந்த எஞ்சினும், 2019 முதல் டிரையம்ஃப் நிறுவனத்தின் 765 சி.சி. எஞ்சினும் ஓடலாயின. எனவே பெயரை மட்டும் நோக்காது, விதி எதனைக் கட்டுப்படுத்துகிறது, எதனை விடுவிக்கிறது என்பதை ஆராய்வதே அறிவுடைமையாகும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நெட்டுக்குப்பத்திற்குத் தெற்கே உள்ள திருவொற்றியூர், மோட்டார் சைக்கிள் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955ஆம் ஆண்டில் கைகோத்து, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அடுத்த ஆண்டில் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இங்கிலாந்தினின்று வந்த உறுப்புகளைப் பூட்டி, அவ்வாண்டில் 163 புல்லட் வண்டிகள் ஆக்கப்பட்டன. நாளடைவில் உறுப்புகளும் இங்கேயே செய்யப்பட்டன. பிறந்த நாடாகிய இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. வடசென்னையிலோ அது தொடர்ந்தது. தாய்மரம் பட்டுப்போக, பதியன் போட்ட கிளை வேரூன்றித் தழைத்தது போன்றது இந்நிகழ்ச்சி.

அக்காலத்தே இவ்வண்டிகளின் ஆற்றலைச் சோதித்த களம் சோழவரம். செங்குன்றத்தை அடுத்துள்ள அவ்வூரில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பந்தயங்களை நடத்தியது. நாட்டின் பல பகுதிகளினின்றும் வீரர் வந்தனர். மக்கள் திரள் திரளாகக் கூடினர். அயல்நாட்டு வண்டிகளை வரவழைத்தல் அரிதாயிருந்த அந்நாளில், பலர் சாலையில் ஓடிய புல்லட், ஜாவா, எஸ்டி போன்ற வண்டிகளையே செப்பமிட்டுக் களத்தில் இறக்கினர். எஞ்சினுள் காற்றும் புகையும் செல்லும் வழிகளை அராவி வழவழப்பாக்குவர். வேண்டா உறுப்புகளைக் கழற்றி எடையைக் குறைப்பர். 'விற்பனை வண்டிப் பந்தயம்' என்னும் பெயரை அறியாமலே, அதன் உட்பொருளை அவர்கள் கைக்கொண்டிருந்தனர். முதலாளியின் பெரும்பொருளன்று, பட்டறைக்காரரின் கைத்திறனே அவர்க்கு முதலாயிற்று. பின்னர் 1990ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயக் களம் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் பந்தய மரபு இன்றளவும் பெரும்பாலும் விற்பனை வண்டியையே சார்ந்து நிற்கிறது. டி.வி.எஸ். நிறுவனத்தின் பந்தயக் குழு 1982ஆம் ஆண்டில் அமைந்தது. ஓசூரில் செய்யப்படும் அந்நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டி, ஆசியச் சாலைப் பந்தயத் தொடரின் ஒரு பகுதியாக 2022ஆம் ஆண்டு முதல் பல நாட்டு இளைஞரால் ஓட்டப்பட்டது. 2021ஆம் ஆண்டில், தமிழ்நாட்டில் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு காண்டினென்டல் ஜி.டி. 650 வண்டிக்கெனத் தனிக் கோப்பைப் பந்தயம் தொடங்கியது. இவற்றில் எல்லா வீரர்க்கும் ஒரே வகை வண்டியே அளிக்கப்படும். ஆதலின் வென்றவர் வண்டியால் வென்றார் என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

முன்மாதிரிப் பந்தயத்திலும் இந்தியா ஒருமுறை முத்திரை பதித்ததுண்டு. மகிந்திரா நிறுவனம் 2011ஆம் ஆண்டில் உலகப் போட்டியின் 125 சி.சி. பிரிவில் புகுந்தது, அடுத்த ஆண்டு முதல் 250 சி.சி. முன்மாதிரி வண்டிகள் ஓடும் 'மோட்டோ 3' பிரிவில் போட்டியிட்டது. 2016ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் அஸென் களத்தில் பிரான்செஸ்கோ பன்யாயா என்னும் இத்தாலிய இளைஞர் மகிந்திரா வண்டியில் முதல் வெற்றி பெற்றார். அவரே பின்னர் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மோட்டோ ஜிபி பட்டத்தையும் சூடினார். அவ்வெற்றி இந்தியர் நெஞ்சை நிமிரச் செய்தது. ஆயினும் வென்ற அவ்வண்டி இந்தியச் சாலைக்கென ஆக்கப்பட்டதன்று. 2017ஆம் ஆண்டின் முடிவில் அந்நிறுவனம் அப்போட்டியினின்று விலகியது. பெயர் நின்றது, வண்டி மக்கள் கைக்கு வந்திலது. முன்மாதிரிப் பந்தயத்தின் பெருமையும் குறையும் இந்நிகழ்ச்சி ஒன்றிலேயே விளங்கும்.

அங்ஙனமாயின் முன்மாதிரிப் பந்தயம் வீண் செலவா? அன்று. களத்தில் கண்ட சில, காலப்போக்கில் சாலைக்கு வருகின்றன. விரைந்து செல்லும் வண்டியில் திடீரெனக் கியரைக் குறைத்தால், எஞ்சின் பின்சக்கரத்தைப் பற்றி இழுக்கும், சக்கரம் துள்ளும், வண்டி நிலை தடுமாறும். இதனைத் தவிர்க்கப் பந்தய வண்டிகளில் வழுக்குக் கிளட்ச் என்னும் அமைப்பைப் பொருத்தினர். மிகையான இழுவிசை எழுங்கால் அது சற்றே நழுவி, சக்கரத்தைக் காக்கும். இவ்வமைப்பு 2018ஆம் ஆண்டில் ஓசூரில் செய்யப்பட்ட 200 சி.சி. அப்பாச்சி வண்டியிலும் இடம்பெற்றது. உலகக் களத்தில் வீரரைக் காத்த உத்தி, ஊர்ச் சாலையில் ஓர் இளைஞரைக் காக்க வந்தது.

ஆயினும் களத்தில் சிறந்தவை யாவும் சாலைக்கு ஏற்றவையல்ல. கரிம பிரேக் வட்டு மிகுந்த சூடு ஏறிய பின்னரே நன்கு பிடிக்கும். பந்தய வீரர் சுற்றுக்குச் சுற்று அதனை அழுத்திச் சூடேற்றுவர். மீன் வணிகர் குளிர்ந்த வைகறையில் புறப்பட்டு, முதல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்த நேரிடும். அப்பொழுது அவ்விலையுயர்ந்த வட்டு அவரைக் கைவிடும். எளிய இரும்பு வட்டே காக்கும். எனவே தேடிக் கண்டவற்றுள் எது மக்களுக்கு உதவும், எது உதவாது எனச் சலித்தெடுக்கும் சல்லடை ஒன்று வேண்டும். விற்பனை வண்டிப் பந்தயமே அச்சல்லடை. முன்மாதிரி வண்டி புதியன தேடுகிறது. விற்பனை வண்டி, தேடியவற்றுள் நிலைப்பவற்றைச் சுமந்து தேர்வில் தேறுகிறது. தேடுதல் இன்றேல் வளர்ச்சி இல்லை; தேறுதல் இன்றேல் பயன் இல்லை.

இங்கே மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. முன்மாதிரி வண்டியின் வெற்றி ஒரு சில பொறியாளரின் வெற்றி. விற்பனை வண்டியின் வெற்றியோ தொழிற்சாலையில் வரிசையாக நின்று பணிபுரியும் அனைவரின் வெற்றி. திருகாணியை முறையாக முடுக்கியவரும், வார்ப்பில் குறை கண்டு ஒதுக்கியவரும், சக்கரத்தின் கோணல் நீக்கியவரும் அவ்வெற்றியில் பங்குடையர். ஒருவர் ஒரு திருகாணியைத் தளர விட்டால், களத்தில் அது முதற்சுற்றிலேயே வெளிப்படும். சாலையிலோ என்றோ ஒருநாள் பெயர் அறியாத ஒருவரின் உயிர்மேல் வெளிப்படும். ஆதலின் பந்தயம் தொழிலாளியின் நேர்மைக்கும் உரைகல்லாக அமைகிறது.

இவ்வுண்மையை அறியாது, சாலையையே களமாகக் கொள்ளும் இளைஞரும் உளர். அவர் செயல் இரங்கத்தக்கது. பந்தயக் களத்தில் யாவரும் ஒரே திசையில் செல்வர்; எதிரே லாரி வாராது; தெருவைக் கடக்கும் குழந்தை இல்லை. விழுவோர் உருண்டு தப்புதற்குப் பரந்த வெளி உண்டு; தலைக்கவசமும் தோலுடையும் உண்டு; மருத்துவரும் மருத்துவ ஊர்தியும் அருகிலேயே காத்திருப்பர். எண்ணூர்ச் சாலையில் இவற்றுள் எது உண்டு? பொதுச் சாலையில் பந்தயம் விடுவோரை மோட்டார் வாகனச் சட்டம் தண்டிக்கிறது. சட்டத்தின் தண்டனை பணத்தோடும் சிறையோடும் முடியலாம். சாலையின் தண்டனைக்கோ மேல்முறையீடு இல்லை. வீரர் களத்தில் விரைவது, பிறர் சாலையில் அச்சமின்றிச் செல்லுதற்காக என்பதை இளைஞர் உணர்தல் வேண்டும்.

மீண்டும் நெட்டுக்குப்பத்தின் வைகறையை நோக்குவோம். ஐஸ் பெட்டியுடன் புறப்பட்ட மீன் வணிகர் நெடுஞ்சாலையை அடைகிறார். முன்னே சென்ற லாரி சட்டென நிற்கிறது. அவர் பிரேக்கை அழுத்துகிறார். ஈரச் சாலையிலும் வண்டி வழுவாது நிற்கிறது. பெட்டியிலுள்ள மீன் அசையவும் இல்லை. அவர் அதனைப் பெரிதாக எண்ணாமல், லாரி நகர்ந்ததும் தம் வழியே செல்கிறார். எந்தக் களத்தில் யார் தேடினர், எந்தத் தொழிற்சாலையில் யார் முடுக்கினர், எந்தப் பந்தயத்தில் அது தேறியது என்பதெல்லாம் அவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவர்க்கில்லை. அவர் உரிய நேரத்தில் சந்தையை அடைவதே, அவ்விருவகைப் பந்தயங்களும் பெறத்தக்க மெய்யான பரிசாகும்.

பயிற்சி

1. சுண்டன் வள்ளமும் மீன்பிடி படகும் எவ்வெப் பந்தயங்களுக்கு உவமையாயின? உவமைப் பொருத்தத்தை விளக்குக.
2. ஹோண்டா நிறுவனம் இரட்டைச் சிலிண்டர் வண்டியை விற்பனைக்கு விட்டது ஏன்?
3. சோழவரத்தில் வீரர்கள் தம் வண்டிகளை எவ்வாறு செப்பமிட்டனர்?
4. கரிம பிரேக் வட்டு சாலைக்கு ஏலாமைக்குக் காரணம் யாது?
5. 'தேடுதல் இன்றேல் வளர்ச்சி இல்லை. தேறுதல் இன்றேல் பயன் இல்லை.' இக்கருத்தை உங்கள் ஊர்த் தொழில் ஒன்றோடு பொருத்தி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.